அழாத குழந்தை வீட்டுக்கு வரும்போது

தத்துக்குப் போக வேண்டிய குழந்தைகளை வைத்துப் பார்க்கும் காப்பகமான தத்து வள மையத்திலிருந்து ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தை வந்து சேர்ந்த வீடுகளில் முதல் வாரம் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். “என்ன சமத்து பாருங்க, அழவே மாட்டேங்குது. யார் கூப்பிட்டாலும் போகுது. போட்ட இடத்துல தூங்குது.” பார்க்க வந்த சித்தி, பெரியம்மா, மாடி வீட்டுக்காரர் எல்லாரும் பெற்றோரை வாழ்த்திவிட்டுப் போவார்கள். தத்துக் குழந்தைகளோடும் பெற்றோரோடும் வேலை செய்யும் எங்களுக்கு அந்த மூன்று வாக்கியமும் வேறு மாதிரி கேட்கும். அந்தக் குழந்தை இதுவரை எப்படி வாழ்ந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது வீட்டுப் பிள்ளைக்குச் சரி. காப்பகத்தில் பால் கடிகாரப்படி வரும். ஓர் அறையில் எட்டு பத்துத் தொட்டில், ஒரு ஆயா, ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாற்றம். ஆயா எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் அவருக்கு இரண்டு கைதான். ஏழேகாலுக்கு அழத் தொடங்கிய குழந்தையிடம் அவர் வந்து சேர எட்டாகிவிடும். அதற்குள் அது தானாகவே ஓய்ந்திருக்கும். இப்படி நூற்றுக்கணக்கான தடவை நடந்த பிறகு, அழுவது வீண் என்று குழந்தையின் மூளை முடிவு கட்டிவிடுகிறது. அந்த இடத்துக்கு அது சரியான முடிவுதான். இப்போது இடம் மாறிவிட்டது, மூளைக்கு அது இன்னும் தெரியாது. கூப்பிட்டால் ஆள் வரும், அதுவும் அதே ஆள் வரும் என்பதை ஆயிரக்கணக்கான தடவை நடத்திக் காட்டினால்தான் தெரியவரும். அதை எப்படி நடத்துவது, எங்கே சறுக்கும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உள்ளே நடப்பது

பயம், பசி, வலி எது வந்தாலும் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும். ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். ஏறி இறங்கினால் கெடுதல் இல்லை. தடுப்பூசி போடும்போதும், பாலர் வகுப்பின் முதல் நாளிலும் எல்லாக் குழந்தைக்கும் ஏறத்தான் செய்கிறது. சிக்கல் இறக்குவதில்தான். கைக்குழந்தையால் அதைத் தானாக இறக்கிக்கொள்ள முடியாது. தூக்கி அணைக்கிற ஆள்தான் அதற்கு பிரேக். ஆள் வராமலே மாதக்கணக்கில் போனால் சில குழந்தைகளுக்கு இந்த ஏற்பாடு எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். வேறு சிலருக்கு மழுங்கிப்போகும். சாதாரணமாக, காலையில் எழுந்த அரை மணி, முக்கால் மணியில் கார்ட்டிசால் உச்சத்துக்குப் போய், இரவுக்குள் படிப்படியாகக் குறையும். கவனிப்பில்லாமல் வளர்ந்த குழந்தைகள் பலரிடம் காலை உச்சமே இருப்பதில்லை. கோடு தட்டையாக ஓடுகிறது. எதற்கும் அசையாத ‘சமத்து’க்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான்.

இன்னொரு பக்கம், கிடைக்காமல் போனவை. முதல் சில ஆண்டுகளில் மூளையில் வினாடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் உருவாகின்றன. பயன்படுபவை தடிக்கும், பயன்படாதவை கழிந்துபோகும். எதிரே ஒரு முகம், தன் சத்தத்துக்குப் பதில் சத்தம், கையில் பிடிக்க ஒரு பொருள் எதுவும் இல்லாமல் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்த குழந்தைக்கு மொழிக்கும் கவனத்துக்கும் உரிய இணைப்புகள் ஒல்லியாகவே இருக்கும். அதனால்தான் அடிபட்டு வளர்ந்த குழந்தையையும் கவனிப்பாரற்று வளர்ந்த குழந்தையையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்கிறோம். முதல் குழந்தைக்கு ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா அளவுக்கு மீறி விழித்திருக்கும். கதவு படீரென்று சாத்தினால் போதும், மேஜைக்கடியில் போய்விடும். இரண்டாவது குழந்தைக்கு முதலில் பின்தங்குவது பேச்சும் யோசனையும். காப்பகத்திலிருந்து வரும் கைக்குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டாவது வகை. இரண்டும் கலந்தும் வரலாம்.

எல்லாம் முடிந்துபோன கதையா? இதற்கு உறுதியான பதில் ருமேனியாவிலிருந்து வந்தது. 1966-இல் அந்த நாட்டை ஆண்ட சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் அரசு இல்லங்களில் குவிந்தார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2000-இல் தலைநகர் புக்கரெஸ்ட்டின் ஆறு இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் 68 பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஊரில் அப்போது, தத்தெடுக்காமல் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கும் வளர்ப்புக் குடும்பம் என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை. 56 குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்து உருவாக்கினார்கள். மீதி 68 பேருக்கும் பின்னால் குடும்பம் கிடைத்தால் தடுப்பதில்லை என்பது ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்ட விதி.

நாலரை வயதில் அளந்தபோது இல்லக் குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) 73. குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81. இல்லத்தையே பார்க்காத உள்ளூர்க் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் போனவர்களின் மூளை மின்னலைகள் எட்டு வயதில் உள்ளூர்க் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தன. மன அழுத்தத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையும் இரண்டு வயதுக்குள் போனவர்களிடமே அதிகம் சீரானது. மூளைப் படத்தில், மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளான வெண்பொருள் ஓரளவு தேறியிருந்தது. நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல்பொருளின் குறைவு அப்படியே நின்றது. கவனக்குறைவும் துறுதுறுப்பும் குடும்பத்துக்குப் போயும் பெரிதாகக் குறையவில்லை. எது சீக்கிரம் திரும்பும், எதற்குப் பொறுமை வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்ல எங்களுக்கு இந்த ஆய்வு கைகொடுக்கிறது. ஆனால் ‘இரண்டு வயது’ என்பதைப் பூட்டிய கதவு மாதிரி எடுத்துக்கொள்ளும் பெற்றோரைப் பார்க்கிறோம். அது சராசரியில் தெரிகிற சரிவு, அவ்வளவுதான். ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப் போன 165 பிள்ளைகளை மைக்கேல் ரட்டர் குழு சிறுவயது முதல் இளமை வரை தொடர்ந்தது. ஆறு வயதிலும் பதினொன்றிலும் அறிவுத்திறனில் பின்தங்கியிருந்தவர்களில் பலர் இளைஞரானபோது எட்டிப் பிடித்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் எடுத்த ஒரு டெஸ்ட்டை வைத்துக் குழந்தையின் ஜாதகத்தை எழுதிவிட வேண்டாம்.

கூட்டி வருவதற்கு முன்

ஃபைலில் எடை, தடுப்பூசி, மருத்துவ அறிக்கை இருக்கும். உண்மையில் வேண்டியது ஃபைலில் இருக்காது, ஆயாவின் தலையில் இருக்கும். இரவு ஷிப்டு ஆயா, பகல் ஆயா இருவரிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும்? விளக்கு எரியுமா, அணைப்பீர்களா? பால் எவ்வளவு சூடு, எந்த மாவு, எத்தனை அவுன்ஸ்? எந்தப் பெயர் சொன்னால் திரும்புகிறது? பதிவேட்டில் ஒரு பெயரும் வாயில் வேறு பெயரும் இருப்பது சகஜம். யாரையாவது கண்டால் முகம் மலருகிறதா? மலர்ந்தால் நல்ல சேதி. ஒருவரிடம் ஒட்டத் தெரிந்த குழந்தைக்கு இன்னொருவரிடமும் ஒட்ட வரும். அவருடன் குழந்தையைச் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அது படுத்த துணியை, துவைக்காமல், கேட்டு வாங்கி வாருங்கள். வீடு, ஆட்கள், சத்தம் எல்லாம் ஒரே நாளில் மாறும்போது மாறாமல் இருப்பது அந்த வாசனை மட்டும். மாமியார் முகம் சுளிப்பார், பரவாயில்லை. உணவும் இரண்டு வாரம் காப்பகத்தில் கொடுத்ததே இருக்கட்டும், பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். வந்த அன்றே நெய்ச்சோறும் பாலாடையுமாக ஊட்டினால் வயிறு கெடும். வயிறு கெட்டால் தூக்கம் கெடும். முதல் வாரமே தலைகீழாகிவிடும். புதுப் பெயர் வைப்பதானால் பழைய பெயரோடு சேர்த்தே சில வாரம் கூப்பிட்டு, மெல்லப் பழையதை விடுங்கள்.

முதல் மூன்று மாதம்

ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, அடிபட்டால் தூக்குவது. இந்த நான்கையும் அம்மா, அப்பா இருவர் மட்டும் செய்யட்டும். ஒருவரே வளர்ப்பதானால் அவரும் இன்னொரு நிரந்தரமான ஆளும். தாத்தா பாட்டி விளையாடலாம், பாடலாம், வீட்டு வேலையைத் தாங்கிக்கொள்ளலாம். உண்மையில் அதுதான் பெரிய உதவி. எங்கள் அனுபவத்தில் அதிகம் மீறப்படும் விதி இது. காரணமும் புரிகிறது: பல வருடம் காத்திருந்து வந்த குழந்தை, எல்லாருக்கும் மடியில் வைத்துக் கொஞ்ச ஆசை. ஆனால் பத்துக் கை மாறுகிற வீடு குழந்தைக்குப் பழைய இடம் மாதிரியே இருக்கும், சாப்பாடு மட்டும் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

ஆகவே ‘யாரிடமும் போகும்’ பழக்கத்துக்கு ஒரு வீட்டு விதி போடுங்கள். யாரிடம் கை நீட்டினாலும் அவர் சிரித்து, “அம்மாகிட்ட போலாமா?” என்று திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஏறினால் கோபப்படாமல் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். இப்படி வளர்ந்த பிள்ளைகளை மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், அம்மா முகத்துக்கும் அந்நியர் முகத்துக்கும் அமிக்டலா கிட்டத்தட்ட ஒரே மாதிரி எதிர்வினை காட்டியது. வித்தியாசமே பதியவில்லை. புக்கரெஸ்ட்டிலும் பிடிவாதமாக நின்றவற்றில் இது ஒன்று. மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். பள்ளிப் பருவத்தில் இது பாதுகாப்புப் பிரச்சினையாக மாறக்கூடியது என்பதால் ‘ஃப்ரெண்ட்லியான குழந்தை’ என்று விட்டுவிட முடியாது.

மொட்டை, காதுகுத்து, பெரிய விருந்து எல்லாவற்றையும் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். கூட்டம், மைக் செட், தெரியாத மாமன் மடி, அங்கே வலி. நம்பிக்கை முளைக்கும் முன்பே அதற்கு இது வேண்டாம். குலதெய்வத்துக்கு வேண்டுதல் என்றால் காசு முடிந்து வைத்துவிட்டு நேரம் பார்த்துப் போகலாம்.

பால் கொடுக்கும் நேரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பதினெட்டு மாதக் குழந்தை பாட்டிலைக் கையில் வாங்கும், மல்லாந்து படுக்கும், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடத்தில் காலி செய்யும், பாட்டிலைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பும். பால் தருவதில் மனிதருக்கு வேலை உண்டு என்றே அதற்குத் தெரியாது. அதனால் பாட்டிலை நீங்கள் பிடியுங்கள். முதலில் உங்கள் நெஞ்சில் அதன் முதுகு சாய, இருவரும் ஒரே பக்கம் பார்த்தபடி உட்காருங்கள். எடுத்த எடுப்பில் முகத்துக்கு முகம் வைத்தால் உடம்பை விறைத்துக்கொள்ளும், அல்லது கண்ணை மூடிக்கொள்ளும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, பத்துப் பதினைந்து நாளில் இடது கை வளைவில் முகம் தெரியும்படி வாருங்கள். கண்ணைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்ப வேண்டாம். அது ஒரு நொடி பார்க்கும், நீங்கள் சிரிக்க வேண்டும், திருப்பிக்கொள்ளும், காத்திருக்க வேண்டும். ஒரு வயதுக்கு மேல் பாட்டிலை நிறுத்தச் சொல்லும் மருத்துவர் அறிவுரை நியாயமானதே. நாளுக்கு ஒரு வேளை மட்டும் இதற்காக வைத்துக்கொண்டு, சர்க்கரை சேர்க்காமல் கொடுத்து, பல்லைத் துடைத்துவிட்டால் போதும். கிண்ணம், ஸ்பூன் வைத்தும் இதே மாதிரி செய்யலாம்.

சாப்பாட்டில் இரண்டு விதமான தொல்லை வரும். குழைத்ததையே விழுங்கிப் பழகிய குழந்தைக்கு மெல்லத் தெரியாது. இட்லித் துண்டு வாயில் போனால் ஓங்கரிக்கும், அல்லது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அரை மணி கழித்துத் துப்பும். நன்றாகக் குழைந்த பருப்புச் சாதம், பிறகு விரலால் மசித்தது, பிறகு பாலில் ஊறிய இட்லி, பிறகு மெத்தென்ற இட்லித் துண்டு என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரமாவது கொடுங்கள். மற்றது, நிறுத்தாமல் சாப்பிடுவதும் ஒளித்து வைப்பதும். தலையணைக்கு அடியில் நமுத்துப்போன பிஸ்கட் கிடைக்கும். திட்டக் கூடாது. இரண்டு, இரண்டரை மணிக்கொருதரம் ஏதாவது கொடுத்து, நாளுக்கு ஆறு வேளையாகப் பிரியுங்கள். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒரு டப்பாவில் வாழைப்பழத் துண்டோ பிஸ்கட்டோ எப்போதும் இருக்கட்டும். காலியானால் அதன் கண்முன் நிரப்புங்கள். நிலக்கடலை, பொட்டுக்கடலை மாதிரி தொண்டையில் அடைப்பவை வேண்டாம். “போதும், எவ்வளவு தின்னுவ” என்பதற்குப் பதில் “இன்னும் இருக்கு, எழுந்ததும் தரேன்” என்று சொல்லி, எழுந்ததும் கட்டாயம் கொடுங்கள். தண்டனையாகச் சாப்பாட்டை நிறுத்துவது இந்தக் குழந்தைகளிடம் ஒருபோதும் கூடாது.

விழுந்து முட்டி சிராய்த்தாலும் அழாமல் எழுந்து போகும் குழந்தையிடம், அது அழுததாகவே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். ஓடிப்போய்த் தூக்கி, காயத்தைத் தடவி, “விழுந்துட்டியா, வலிக்குதா, அம்மா இருக்கேன்.” அது நெளிந்து இறங்கப் பார்த்தால் விடுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள். அடுத்த தடவையும் இதையே செய்யுங்கள். அமெரிக்காவில் மேரி டோசியர் வகுத்த வீட்டுப் பயிற்சியின் முதல் பாடமே இதுதான்: குழந்தை கேட்காதபோதும் ஆறுதல் கொடு. பத்தே அமர்வுகள். அலட்சியத்துக்கு ஆளாகும் அபாயமுள்ள குழந்தைகளிடம் செய்த சோதனையில், இந்தப் பயிற்சி பெற்ற வீடுகளில் 52 சதவீதக் குழந்தைகளும் வேறு பயிற்சி பெற்ற வீடுகளில் 33 சதவீதக் குழந்தைகளும், கலங்கினால் பெற்றோரிடம் வந்து ஆறுதல் தேடும் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டினார்கள்.

பேச்சுக்கும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தரையில் உட்கார்ந்து, பத்துப் பதினைந்து நிமிடம், நாளில் நான்கு தடவை. போன் வேறு அறையில் இருக்கட்டும். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றி ஒரு வாக்கியம்: “மூடி உருளுது.” பிறகு வாயை மூடிக்கொண்டு பத்து எண்ணும் வரை காத்திருங்கள். இந்தக் குழந்தைகளின் பதில் மெல்லியதாக வரும். ஒரு விரல் அசைவு, ஒரு மூச்சுச் சத்தம். அதையும் பேச்சாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். “இது என்ன? சொல்லு, சொல்லு” என்று பரீட்சை வைப்பதுதான் பொதுவாக நடக்கிற தவறு. விலையுயர்ந்த பொம்மை எதுவும் தேவையில்லை. ஜமைக்காவில் 1986-87-இல் சாலி கிராந்தம்-மெக்ரிகர் குழு, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்து, ஒரு பகுதியினர் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளரை அனுப்பி, வீட்டில் கிடைக்கும் பொருளில் செய்த பொம்மைகளைக் கொண்டு தாய்மாருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தது. இரண்டு ஆண்டு, அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம், விளையாட்டுப் பயிற்சி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து முட்டி போட்டு முன்னும் பின்னும் ஆடுவதைப் பார்த்துப் பயந்து போன் செய்யும் பெற்றோர் உண்டு. ஆட்ட ஆளில்லாத குழந்தை தன்னைத் தானே ஆட்டிக்கொள்கிறது. கட்டிப்போடவோ அதட்டவோ வேண்டாம். பக்கத்தில் படுத்து, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, அதன் வேகத்திலேயே தட்டத் தொடங்கி மெல்ல மெல்ல நிமிடத்துக்கு அறுபது தட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். நம் வீட்டுத் தூளி இதற்கு நல்ல துணை; ஆட்டம் அதே, ஆட்டும் கை மட்டும் வேறொருவருடையது. தூளியின் இடையில் குறுக்குக் கட்டை வைத்து, கொக்கி தாங்குமா என்று பார்த்து, ஆள் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். துணி கழுத்தைச் சுற்றும் அபாயம் உண்டு. தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தைக்குச் சுவரோரம் பஞ்சு மெத்தை வையுங்கள். மாதங்கள் போகப் போக ஆட்டம் குறையும். கூப்பிட்டும் திரும்பாமல் சில நொடி வெறித்துப் பார்த்து நின்றால் அது வேறு விஷயம். வலிப்பு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

டாக்டரிடம் முதல் மாதமே கேட்க வேண்டியவை சில. ஹீமோகுளோபின்: ஐந்து வயதுக்குள் 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை. வந்த குழந்தை வேகமாக வளரத் தொடங்கும்போது இருக்கிற இரும்புச்சத்தும் கரைந்துபோகும், அதனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். எரிச்சலும் கவனமின்மையும் மனக்காயம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி இரும்புச்சத்துக் குறைவாக இருக்கும். காதுச் சோதனை கட்டாயம். சளி தேங்கிக் காது மந்தமான குழந்தையைப் பிடிவாதக்காரர் என்று எண்ணிவிடுவது எளிது. தைராய்டு, கண், பூச்சி மருந்து. தலைச் சுற்றளவு: புருவத்துக்கு மேலும், பின்மண்டையின் துருத்திய இடத்திலுமாக டேப்பைச் சுற்றி மூன்று தடவை அளந்து பெரிய அளவை எழுதுங்கள். இரண்டு வயதில் ஆண் குழந்தைக்கு நடுஅளவு 48.3 செ.மீ., பெண் குழந்தைக்கு 47.2. ஒரு தடவை குறைவாக இருப்பதைவிட, ஆறு மாதமாக ஏறாமல் நிற்பதே கவலை தருவது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, செவிச் சோதனை எல்லாம் இலவசம். தனியார் கிளினிக்கில் மாதக்கணக்கில் அலைந்தபிறகே பலருக்கு இது தெரியவருகிறது.

சமத்து அழத் தொடங்கும்போது

இரண்டு மூன்று மாதத்தில், சிலருக்கு இன்னும் தாமதமாக, காட்சி மாறும். அம்மா குளியலறைக்குப் போனால் கதவைத் தட்டி ஓலம். இரவில் நாலு தடவை விழிப்பு. ஊட்டினால்தான் சாப்பாடு. சின்னச் சிராய்ப்புக்கும் ஊரைக் கூட்டும் அழுகை. “வந்தப்போ நல்லா இருந்துச்சு, நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட” என்று வீட்டில் பேச்சு வரும். நாங்கள் இனிப்பு வாங்கச் சொல்வது இந்தக் கட்டத்தில்தான். அழுதால் ஆள் வரும் என்று அது நம்பத் தொடங்கிவிட்டது. இப்போது அந்த நம்பிக்கையைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்க்கிறது. துரதிர்ஷ்டம் என்னவென்றால், லீவு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்புவதும், குழந்தையை ப்ளே ஸ்கூலில் சேர்ப்பதும் பெரும்பாலும் இதே வாரங்களில் வந்து விழுகின்றன. முடிந்தவரை ப்ளே ஸ்கூலை ஆறு மாதத்துக்குத் தள்ளுங்கள். முடியாதென்றால் அம்மாவும் அப்பாவும் வேலை நேரத்தைப் பிரித்துக்கொள்வது, இல்லையேல் ஒரே ஒரு பாட்டி. மூன்று பேர் முறை வைத்துப் பார்ப்பது வேண்டாம்.

பிரிவைப் பழக்க வேண்டும். கண்ணாமூச்சியில் தொடங்குங்கள்: முந்தானைக்குப் பின்னால் முகம், இரண்டு நொடி. பிறகு கதவுக்குப் பின்னால் அரை நிமிடம், குரல் மட்டும் கேட்க. பிறகு இரண்டு நிமிடம், ஐந்து, பதினைந்து. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி வந்து, “வந்துட்டேன்” என்று காட்டுங்கள். காக்கா காட்டி கவனத்தைத் திருப்பிவிட்டுச் சொல்லாமல் நழுவுவது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். மற்றக் குழந்தைகள் தாங்கிக்கொள்ளும். இந்தக் குழந்தை அன்று முழுக்க அழாமலிருந்து, இரவில் உங்கள் முகத்தைப் பார்க்க மறுக்கும். ஒரு வார வேலை வீண். அதைவிட மோசம் மிரட்டல். பூச்சாண்டி, போலீஸ் எல்லாம் வேண்டாம். “ஹோம்லயே திரும்ப விட்டுடுவேன்” என்ற வாக்கியம் விளையாட்டுக்குக்கூட அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வீட்டு வேலைக்கு வருபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

அடம் பிடித்து உருளும்போது தனியறையில் உட்கார வைப்பது இவர்களுக்குப் பழைய தொட்டிலை ஞாபகப்படுத்தும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பேச்சைக் குறைத்து, மூச்சை மெதுவாக விட்டு, புயல் ஓயும் வரை இருங்கள். பேசிப் புரியவைப்பதெல்லாம் ஓய்ந்த பிறகு. அந்த நேரத்தில் மூளையின் முன்பகுதி வேலை செய்யாது, உபதேசம் காதில் ஏறாது.

பெற்றோரும் கத்திவிடுவார்கள், கையைக்கூட ஓங்கிவிடுவார்கள். எட்வர்ட் ட்ரோனிக் தாய்-சேய் ஜோடிகளை வீடியோவில் வினாடி வினாடியாகப் பார்த்தபோது, நல்ல ஜோடிகள்கூட ஒத்திசைந்திருந்தது ஏறத்தாழ முப்பது சதவீத நேரம்தான். மீதி நேரம் தவறுவதும் திரும்பச் சேர்வதுமாகவே போகிறது. திரும்பச் சேர்வதுதான் குழந்தைக்குப் பாடம். கத்தினால், அடங்கியதும் போய் உட்கார்ந்து, “அம்மா கத்திட்டேன், பயந்துட்டியா, இனி மெதுவா பேசறேன்” என்று சொல்லுங்கள். மாதக்கணக்கில் குழந்தையிடம் ஒட்டுதல் வரவில்லை, அழுகை வருகிறது, தூக்கம் இல்லை என்றால் அது தத்தெடுத்த தாய்க்கும் வரக்கூடிய மனச்சோர்வு. பெற்ற தாய்க்குத்தான் வரும் என்று நினைத்து மறைக்காமல் சிகிச்சைக்குப் போங்கள். குழந்தையின் பதற்றத்துக்கு நீங்கள்தான் பிரேக். பிரேக் பழுதானால் வண்டி நிற்காது.

பள்ளி, காப்பகம், காகிதங்கள்

ஐந்து வயதுக்குமேல் வருகிற புகார் பெரும்பாலும் ஒன்றே: “உட்கார மாட்டேங்கறான், காதுல வாங்க மாட்டேங்கறான்.” புக்கரெஸ்ட் பிள்ளைகளிடமும் கடைசிவரை நின்றவற்றில் இதுவும் ஒன்று என்பதால் டியூஷனைக் கூட்டுவது பயன்படாது. முதல் வரிசையில் இடம், ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு கட்டளை, இருபது நிமிடத்துக்கொருமுறை எழுந்து நடக்க ஒரு சாக்கு. கரும்பலகை துடைப்பது, நோட்டுக் கட்டைக் கொண்டு போவது, எதுவானாலும் சரி. வகுப்பாசிரியரிடம் இந்தத் தேவைகளைச் சொன்னால் போதும். குழந்தையின் முழுக் கதையை ஸ்டாஃப் ரூமுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

காப்பகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுக் கட்டடம் கட்டுவதற்கு முன் டியூட்டி அட்டவணையை மாற்றுங்கள். மூன்று நான்கு குழந்தைக்கு ஓர் ஆயா என்று பெயர் எழுதி ஒட்டி, அவர் ஷிப்டில் அந்தக் குழந்தைகளை அவரே குளிப்பாட்டி ஊட்டட்டும். நடக்கத் தொடங்கியதும் அடுத்த அறை, அடுத்த ஆயா என்று ‘புரமோஷன்’ கொடுக்கும் வழக்கம் குழந்தைக்கு இன்னொரு தாயிழப்பு. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இந்த மாற்றங்களோடு ஆயாக்களுக்குப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள்; குழந்தைகளின் எடை, உயரம், பேச்சு எல்லாம் முன்னேறின. ருமேனியாவோ 2004-இல் சட்டமே போட்டு, கடும் ஊனமில்லாத இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் வைப்பதைத் தடுத்தது.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று பல ஆபத்துகளோடு வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நிதானமான, நம்பகமான மனிதராக வளர்ந்திருந்தார். அவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டது, பெற்றோர் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டி, ஓர் அத்தை, ஓர் ஆசிரியர் என்று விட்டுப்போகாத ஒரு பெரியவர். வெளிநாட்டு வேலை, நோய், சாவு என்று பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தைகளுக்கும் மேலே சொன்ன பால், தூக்கம், பிரிவு விஷயங்கள் அப்படியே பொருந்தும்.

தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கொருமுறை அதிகாரப்பூர்வமாகப் பார்க்க வருவார்கள். பரீட்சைக்கு வருவதாக நினைத்துக் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை கட்டி உட்கார வைக்காமல், தூக்கம், சாப்பாடு, யாரிடம் ஓடுகிறது, எதற்கு அழுகிறது என்று மாதம் நாலு வரி எழுதி வைத்திருந்ததைக் காட்டுங்கள். உதவி கேட்க அதுதான் நேரம். தத்து விஷயத்தை மூன்று வயதுக்கு முன்பே, தூங்க வைக்கும் கதையாகச் சொல்லத் தொடங்குங்கள்: “நீ அந்த வீட்ல இருந்த, அந்த ஆயாம்மா பாத்துக்கிட்டாங்க, நாங்க வந்து கூட்டிட்டு வந்தோம்.” ஆயாவோடு எடுத்த போட்டோவை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தத்து ஆணை, மருத்துவ அறிக்கை, கொண்டுவந்த துணி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். பதினெட்டு வயதானதும் தன் பூர்வீகத் தகவலைக் கேட்டு விண்ணப்பிக்கச் சட்டத்தில் குழந்தைக்கு வழி உண்டு. அப்போது முதலில் தேடப்படுவது அந்தப் பைதான்.